எழுத்தை அழித்தலின் வரலாறு: ஏட்டுச்சுவடி முதல் கணினி வரை

கணினியில் ஒரு நாவலையோ ஆய்வேட்டையோ ஊர் வரலாற்றையோ எழுதுகிறவர், வேலை முடிந்த பின்னரோ இடையில் கைவிட்ட பின்னரோ, அதற்குரிய கோப்புகளை நீக்க வேண்டிய நிலை வருகிறது. கணினியில் இடம் போதாமல் போகலாம். பழைய வரைவும் புதிய வரைவும் ஒன்றோடொன்று குழம்பலாம். கணினியையே வேறொருவருக்குக் கொடுக்க நேரலாம். அப்போது எதை அழிப்பது, எப்போது அழிப்பது, எப்படி அழிப்பது என்ற கேள்விகள் எழுகின்றன.

இக்கேள்விகள் கணினியோடு பிறந்தவை அல்ல. பனையோலையில் எழுதிய காலத்திலேயே நம் முன்னோர் இதற்கு ஒரு முறை வகுத்திருந்தனர். முதலில் புதிய படி எடுத்தனர். அதை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தனர். அதன் பிறகே பழைய ஏட்டை நீத்தனர். இந்த வரிசை காக்கப்பட்டவரை நூல்கள் பிழைத்தன. வரிசை தவறிய இடங்களில் நூல்கள் மறைந்தன. அந்த வரிசையின் வரலாற்றையும், கணினியில் எழுதுவோர் அதைக் கடைப்பிடிக்கும் விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மணல், சிலேட்டு, ஓலை

திண்ணைப் பள்ளிகளில் குழந்தைகள் முதலில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினர். கையால் ஒருமுறை தடவினால் எழுத்து மறைந்துவிடும், மீண்டும் எழுதலாம். பின்னர் வந்த சிலேட்டும் அப்படிப்பட்டதே. எங்கள் தலைமுறையினர் வேலியில் படர்ந்திருக்கும் கோவை இலையைப் பறித்துவந்து சிலேட்டைத் துடைத்தது நினைவிருக்கும். மணலும் சிலேட்டும் அழிப்பதற்கென்றே அமைந்த எழுதுபொருள்கள். அவற்றில் எழுதியது போய்விட்டதே என்று யாரும் வருந்துவதில்லை.

ஓலை அப்படியன்று. எழுத்தாணி ஓலையின் மேற்பரப்பைக் கீறிவிடுவதால் எழுதியதை அழிக்க இயலாது. பிழை நேர்ந்தால் அவ்வெழுத்தை அடித்துவிட்டு அருகில் சரியானதை எழுதுவர். எழுத்துத் தெளிவாகத் தெரிய, கரியும் இலைச்சாறும் கலந்த மையையோ மஞ்சளையோ தடவுவர். இவ்வாறு உழைத்து எழுதிய ஏடும் நிலைத்திருப்பதில்லை. நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் ஓலையை நொறுங்கச் செய்கின்றன. கறையானும் இராமபாணப் பூச்சியும் அரிக்கின்றன. இன்று கிடைக்கும் தமிழ்ச் சுவடிகளுள் பெரும்பாலானவை கடந்த சில நூற்றாண்டுகளில் படியெடுக்கப்பட்டவையே. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சங்கப் பாடல்களைப் பாடிய புலவர் காலத்து ஓலை ஒன்றுகூட நம்மிடம் இல்லை. ஆயினும் பாடல்கள் நம்மிடம் உள்ளன. தலைமுறைதோறும் யாரோ ஒருவர் படியெடுத்து வைத்ததே அதற்குக் காரணம்.

படியெடுத்தலும் ஒப்புநோக்கலும்

ஏட்டைப் படியெடுப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. ஒருவர் மூல ஏட்டைப் படிக்க மற்றொருவர் எழுதுவது உண்டு. தாமே பார்த்து எழுதுவதும் உண்டு. எழுதி முடித்தவர் இறுதியில் நாளையும் தம் பெயரையும் குறித்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி வேண்டி முடிப்பார். பிறகு ஒருவர் ஓர் ஏட்டைப் படிக்க, மற்றவர் வேறோர் ஏட்டில் கண்வைத்து வேறுபாடுகளைக் குறிப்பார். இதற்கு ஒப்புநோக்குதல் என்று பெயர். உ. வே. சாமிநாதையர் (1855–1942) சீவக சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியவற்றைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து திரட்டிய ஏடுகளை இம்முறையில்தான் ஒப்பிட்டார்.

படி ஒன்று மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் நம் மரபில் எடுத்துக்காட்டு உண்டு. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிவைக்கப்பட்டிருந்தன என்றும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறந்தபோது பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்தது என்றும் திருமுறை கண்ட வரலாறு கூறுகிறது. பூட்டு கள்வரைத் தடுத்ததே ஒழிய, கறையானைத் தடுக்கவில்லை. ஒரே இடத்தில் ஒரே படியை எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் அது பாதுகாப்பாகாது என்பதே இவ்வரலாற்றில் மாணவர் காண வேண்டிய செய்தி.

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதியின் நிலையும் இதுவே. தாம் மாணவராக இருந்த காலத்தில் திருவாவடுதுறை மடத்தில் அதன் ஏட்டைக் கண்டதாகவும், பிற்காலத்தில் தேடியபோது அது கிடைக்கவில்லை என்றும் சாமிநாதையர் எழுதியுள்ளார். இன்று வளையாபதியின் சில செய்யுள்கள் மட்டுமே, பிற நூல்களில் மேற்கோளாக வந்ததால், நமக்குக் கிடைக்கின்றன.

யாழ்ப்பாணத்தவரான சி. வை. தாமோதரம் பிள்ளை (1832–1901) தம் பதிப்புரைகளில், ஏட்டின் கட்டை அவிழ்க்கும்போதே ஓரம் உதிர்ந்து இதழ் முறியும் நிலையைக் குறிப்பிட்டு வருந்தியுள்ளார். அவர் விரைந்து அச்சிட்டதற்கு இந்த அச்சமே காரணம். படியெடுக்கும் முன்பே மூலம் உதிர்ந்துவிடக் கூடாது என்பது அவர் கவலை.

கரிவலம்வந்தநல்லூர் நிகழ்ச்சி

ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில், இன்றைய தென்காசி மாவட்டத்தில் கரிவலம்வந்தநல்லூர் உள்ளது. ஆலங்குளத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருப்பவர்களுக்கு இது பழகிய பேருந்து வழி. பால்வண்ணநாதர் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூரோடு தொடர்புடையவர் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரதுங்கராம பாண்டியர். பிரமோத்தர காண்டம் பாடிய இவர், வெற்றிவேற்கை இயற்றிய அதிவீரராம பாண்டியரின் உறவினர். வரதுங்கராமருக்குப் பிள்ளை இல்லாததால் அவருடைய உடைமைகள் கோயிலைச் சேர்ந்தன என்றும், அவற்றுள் அவர் தொகுத்த ஏட்டுச் சுவடிகளும் இருந்தன என்றும் சாமிநாதையர் கேள்விப்பட்டார். அரசரும் புலவருமான ஒருவரின் நூல்நிலையம் என்றால் அதில் என்னென்ன அரிய நூல்கள் இருக்கும் என்ற ஆவலோடு அவர் அவ்வூருக்குச் சென்றார்.

அங்கே அவருக்குக் கிடைத்த விடை அதிர்ச்சி அளித்தது. பழைய ஏடுகள் கூளம் கூளமாகக் கிடந்தன என்றும், அவற்றைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்று ஆகமம் கூறுவதால், குழி வெட்டித் தீ வளர்த்து, ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதியாக இட்டுவிட்டார்கள் என்றும் அங்கிருந்தவர் கூறினார். சாமிநாதையர் தம் தன்வரலாறான 'என் சரித்திர'த்தில் இதனை மிகுந்த வேதனையோடு பதிவுசெய்துள்ளார்.

அவர் அங்கே தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. பழுதான ஏட்டைத் தீயில் இடும் வழக்கம் முன்பும் இருந்தது. ஆனால் முற்காலத்தவர் முதலில் புதுப்படி எடுத்துக்கொண்டு, பிறகே பழைய ஏட்டைத் தீயில் இட்டனர். புதிய படி கையில் இருந்ததால் பழையது போவதில் இழப்பில்லை. பிற்காலத்தவர் சடங்கை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய வேலையை மறந்துவிட்டனர்.

இந்நிகழ்ச்சியில் தீய எண்ணம் கொண்டவர் ஒருவரும் இல்லை. செய்தவர்கள் தாங்கள் முறைப்படி நடந்ததாகவே நம்பினர். எழுத்து காலில் மிதிபடக் கூடாது என்ற மதிப்பும் அவர்களுக்கு இருந்தது. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்று வெள்ளத்தில் விட்ட குடும்பங்களின் நிலையும் இதுவே. வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனபின், ஏடு பூசைக்குரிய பொருளாகவும் இடத்தை அடைக்கும் பொருளாகவும் மட்டும் எஞ்சியது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே அதற்கு விடைகொடுத்தனர்.

எகிப்தில் நேர்ந்தது

அழிக்கும் வழக்கம் பல சமயங்களில் உண்டு. யூதர்கள் இறைவன் பெயர் எழுதப்பட்ட தாளை எறியவோ எரிக்கவோ மாட்டார்கள். தேய்ந்த தாள்களைத் தொழுகைக்கூடத்தில் ஓர் அறையில் போட்டுவைத்து, பிறகு மண்ணில் புதைப்பது அவர்கள் மரபு. அந்த அறைக்குக் கெனிசா என்று பெயர். எகிப்தின் பழைய கெய்ரோவில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் கெனிசாவில், பல நூற்றாண்டுகளாகப் போட்ட தாள்கள் புதைக்கப்படாமலே கிடந்தன. சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் 1896–97இல் அவற்றுள் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். சமய நூல்களோடு கடிதங்களும் கணக்குகளும் அதில் இருந்தன. மலபார்க் கரையோடு வணிகம் செய்தவர்களின் கடிதங்களும் அவற்றில் அடங்கும். இடைக்கால இந்தியப் பெருங்கடல் வணிகம் குறித்து இன்று நாம் அறிந்தவற்றுள் ஒரு பங்கு அந்த அறையிலிருந்து கிடைத்ததே.

கரிவலத்தில் உடனே தீயிட்டதால் எல்லாம் போயின. கெய்ரோவில் புதைப்பதற்கு முன் ஓர் அறையில் போட்டுவைத்ததால் எல்லாம் எஞ்சின. வேண்டாம் என்று ஒதுக்குவதற்கும் முற்றாக அழிப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பது எவ்வளவு பயன்தரும் என்பதை இவ்விரண்டையும் ஒப்பிட்டு அறியலாம். கணினியை வடிவமைத்தவர்களும் பின்னாளில் இதே இடைவெளியைத்தான் உருவாக்கினர்.

அச்சுக் காலம்

அச்சு வந்தபின் ஒரு நூலுக்கு நூற்றுக்கணக்கான படிகள் கிடைத்தன. ஆனால் அச்சேறும் முன் கையெழுத்துப்படி ஒன்றுதான். ஆங்கில எழுத்தாளர் தாமஸ் கார்லைல் பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றின் முதல் தொகுதியை எழுதி, படித்துப் பார்க்கும்படி நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் கொடுத்தார். 1835இல் அக்கையெழுத்துப்படியை வேலைக்காரப் பெண் குப்பைத்தாள் என்று எண்ணி எரித்துவிட்டதாகக் கூறப்படுகிறது. கார்லைலிடம் வேறு படி இல்லை. அத்தொகுதி முழுவதையும் அவர் மீண்டும் எழுதினார். நூல் 1837இல் வெளிவந்தது. எழுதியவர் உயிரோடும் ஊக்கத்தோடும் இருந்ததால் அது முடிந்தது. எழுதியவர் மறைந்த பின் அப்படி நேர்ந்தால் மீட்க வழியில்லை.

திட்டமிட்ட அழிவும் வரலாற்றில் உண்டு. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்த நூல்களைப் பின்னர் திரட்ட முடிந்தது. அங்கு மட்டுமே இருந்தவை திரும்பவில்லை. ஈழத்து நூல்களை மின்வடிவில் காக்கும் நூலகத் திட்டம் 2005இல் தொடங்கியதன் பின்னணியில் இந்த இழப்பின் நினைவும் உண்டு. தமிழகத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் தொகுத்த நூல்கள், அவர் 1992இல் மறைந்தபின் சிதறிவிடாமல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன.

கணினியில் அழித்தல் எவ்வாறு நடக்கிறது

கணினியில் ஒரு கோப்பை அழித்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை வகுப்பு வருகைப்பதிவேட்டைக் கொண்டு விளக்கலாம். ஒரு மாணவன் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட்டால் அவன் அவ்வகுப்பில் இல்லை என்றாகிறது. ஆனால் அவன் உட்கார்ந்த இடத்தில் புதிய மாணவன் வந்து அமரும்வரை அவன் அங்கேயே இருக்கக்கூடும். கணினியும் முதலில் பதிவேட்டைத்தான் திருத்துகிறது. கோப்பின் உள்ளடக்கம் வட்டில் அப்படியே இருக்கும். அந்த இடம் காலி என்று மட்டும் குறிக்கப்படும். புதிய கோப்பு ஒன்று அவ்விடத்தில் எழுதப்படும்போதுதான் பழையது உண்மையில் மறைகிறது.

எம்எஸ்-டாஸ் காலத்தில், அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால் கோப்பின் பெயரில் முதல் எழுத்து வேறொரு குறியாக மாற்றப்பட்டது. இதை அறிந்த பீட்டர் நார்ட்டன், அழித்த கோப்பை மீட்டுத்தரும் கருவியை உள்ளடக்கிய நார்ட்டன் யுடிலிட்டீஸ் மென்பொருளை 1982இல் வெளியிட்டார். 1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0 பதிப்பில் மீட்புக் கட்டளை உடன் சேர்க்கப்பட்டது.

இதற்கிடையே ஆப்பிள் நிறுவனம் 1983இல் வெளியிட்ட லிசா கணினியின் திரையில் ஒரு குப்பைக்கூடை இடம்பெற்றது. 1984இல் வந்த மெக்கின்டாஷும் அதைக் கொண்டிருந்தது. விண்டோஸ் 95இல் அது ரீசைக்கிள் பின் என்ற பெயரோடு வந்தது. தமிழில் மறுசுழற்சித் தொட்டி என்கிறோம். அழித்த கோப்பு முதலில் தொட்டிக்குச் செல்லும். தொட்டியைக் காலி செய்யும்வரை திரும்ப எடுக்கலாம். கெய்ரோவின் கெனிசா அறை செய்த வேலையை இத்தொட்டி செய்கிறது எனலாம். ஆனால் இதற்கு எல்லை உண்டு. பென் டிரைவிலிருந்து அழிப்பவை விண்டோஸில் பொதுவாகத் தொட்டிக்கு வருவதில்லை. ஷிஃப்ட் விசையோடு அழித்தால் தொட்டியைத் தாண்டிவிடும். தொட்டியின் கொள்ளளவை மிஞ்சும் பெரிய கோப்பும் அதில் தங்காது.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியுள்ளன. 'டாய் ஸ்டோரி 2' திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ தந்த அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதிக் கோப்புகள் மறைந்தன. காப்புப்படியை எடுத்துப் பார்த்தபோது அது சில காலமாகவே சரியாகப் பதிவாகவில்லை என்று தெரிந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே வேலைசெய்த கேலின் சஸ்மன் என்பவரின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்ததால் படத்தைப் பெரிதும் மீட்க முடிந்தது. காப்புப்படி இருக்கிறது என்று நம்புவதும், அதைத் திறந்து பார்ப்பதும் ஒன்றல்ல. ஏட்டுக்காலத்து ஒப்புநோக்கல் இங்கே விடுபட்டிருந்தது.

அழிக்காமலே அழிந்த தமிழ்க் கோப்புகள்

தமிழில் கணினி எழுத்துக்குத் தனியான ஒரு சிக்கல் இருந்தது. 1980, 1990களில் மலேசியா, சிங்கப்பூர், கனடா, இலங்கை, தமிழகம் எனப் பல இடங்களில் பலர் தனித்தனியே தமிழ் எழுத்துருக்களை உருவாக்கினர். ஒவ்வொன்றும் எழுத்துகளை வெவ்வேறு விதமாகப் பதிவு செய்தது. பாமினி எழுத்துருவில் திரையில் 'அ' என்று தெரிவது, கணினியின் உள்ளே ஆங்கில 'எம்' என்றே பதிவாகியிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். கோப்பு அழியவில்லை, ஆனால் படிக்க முடியாது.

இதைச் சீராக்கும் முயற்சியில் 1990களின் இறுதியில் இணையத் தமிழர்கள் திஸ்கி குறியேற்றத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும், விண்டோஸ் 2000 வந்தபிறகே அது படிப்படியாகப் பரவியது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய குறியேற்றத்தில் இருந்த நூல்களை ஒருங்குறிக்கு மாற்றி வெளியிட்டது. அதனால் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. தனியாரின் கோப்புகளுக்கு அப்படி யாரும் செய்யவில்லை.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பணியில் இருந்த காலத்தில் மாணவர்களைக் கொண்டு அவரவர் பாட்டிமாரிடம் தாலாட்டும் ஒப்பாரியும் விடுகதையும் கேட்டு எழுதிவரச் செய்தேன். அவற்றைப் பழைய எழுத்துரு ஒன்றில் கணினியில் ஏற்றி, ஒரு ஃபிளாப்பியிலும் பதிந்துகொண்டேன். பிறகு கணினியைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது, "ஃபிளாப்பியில் இருக்கிறது, அழித்துவிடுங்கள்" என்று நானே சொன்னேன். ஃபிளாப்பியை அதற்குமுன் ஒருமுறையாவது வேறொரு கணினியில் திறந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. பின்னர் அது திறக்கவே இல்லை. மாணவர்கள் எழுதித்தந்த தாள்களும் அதற்குள் எடைக்குப் போயிருந்தன. பாடிய பாட்டிமாரில் பெரும்பாலோர் இன்று இல்லை. கரிவலத்தில் ஏட்டைத் தீயிலிட்டவர்களைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திய நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

எழுத்துத் திட்டத்தை நீக்கும் முறை

இன்று நீண்ட நூல்களை எழுதப் பயன்படும் மென்பொருள்கள், அத்தியாயங்கள், குறிப்புகள், படங்கள் ஆகியவற்றை ஒரே திட்டமாகத் தொகுத்து வைக்கின்றன. 2007இல் வந்த ஸ்கிரிவ்னர் இவ்வகையில் பலரும் அறிந்தது. படியெடுத்து எழுதும் தொழிலாளரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லே அதன் பெயர். இத்தகைய திட்டம் விண்டோஸில் ஒரு கோப்புறையாக இருக்கும். உள்ளே பல சிறு கோப்புகள் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே உள்ள ஒன்றிரண்டு கோப்புகளை மட்டும் அழித்தால் திட்டம் பழுதாகக்கூடும்.

பாதுகாப்பாக நீக்க விரும்புவோர் பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. திட்டம் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டறிய வேண்டும். மென்பொருளின் 'அண்மையில் திறந்தவை' பட்டியலிலிருந்து பெயரை நீக்கினால் திட்டம் அழிவதில்லை. மென்பொருளையே கணினியிலிருந்து அகற்றினாலும் திட்டக் கோப்புறை பொதுவாக அங்கேயே இருக்கும்.

2. திட்டத்தைத் திறந்து உள்ளே இருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். கைவிட்ட வரைவில் வேறெங்கும் இல்லாத ஒரு நேர்காணலோ, பெரியவர் சொன்ன தகவலோ இருக்கக்கூடும்.

3. படியெடுக்க வேண்டும். திட்டக் கோப்புறை முழுவதையும் சுருக்கி ஒரு படி எடுப்பதோடு, உரையை மட்டும் தனியே ஒருங்குறியில் எளிய உரைக்கோப்பாகவும் சேமிப்பது நல்லது. மென்பொருள் மறைந்தாலும் எளிய உரை படிக்கக் கிடைக்கும். பழைய எழுத்துருவில் இருந்தால் மாற்றி மூலம் ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே மூலத்தைத் தொட வேண்டும்.

4. படியை வேறிடத்தில் வைக்க வேண்டும். அதே கணினியின் வேறொரு கோப்புறையில் வைத்தால், வட்டு பழுதாகும்போது இரண்டும் போகும். வெளிவட்டு ஒன்றிலும் மேகச் சேமிப்பு ஒன்றிலும் வைக்கலாம்.

5. படியை வேறொரு கணினியில் திறந்து, முதல், நடு, கடைசி அத்தியாயங்களையாவது மூலத்தோடு ஒப்பிட வேண்டும். பலரும் விட்டுவிடும் படி இதுவே.

6. பிறகு மென்பொருளை மூடிவிட்டு, திட்டக் கோப்புறையை முழுமையாக அழித்து, தொட்டியில் சில வாரம் கிடக்க விடலாம். தேவை ஏற்படவில்லை எனில் தொட்டியைக் காலி செய்யலாம்.

மேகச் சேமிப்போடு ஒத்திசைக்கப்பட்ட கோப்புறையில் தனிக் கவனம் தேவை. அங்கே கணினியில் அழித்தால் மேகத்திலும், இணைந்துள்ள மற்ற கருவிகளிலும் அழியும். கூகுள் டிரைவின் தொட்டியில் 2020 அக்டோபர் முதல், 30 நாளுக்கு மேல் எதுவும் தங்குவதில்லை. ஆகவே ஒத்திசைவைக் காப்புப்படி என்று எண்ணக் கூடாது.

முற்றாக அழிக்க வேண்டியவை

அழிக்கவே வேண்டிய எழுத்துகளும் உண்டு. மாணவர் முகவரிகள், பிறர் நம்பிக்கையோடு சொன்ன குடும்பச் செய்திகள், மருத்துவ விவரங்கள் ஆகியவை கணினியோடு வேறொருவர் கைக்குப் போகக் கூடாது. தனிநபர் தம் தகவலை நீக்கக் கோரும் உரிமையை இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிடுகிறது.

இதற்குத் தொட்டியைக் காலி செய்வது போதாது. பழைய சுழல்வட்டில் இடம் மீண்டும் எழுதப்படும்வரை மீட்புக் கருவிகள் உள்ளடக்கத்தை எடுத்துவிடும். 1996இல் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்வுரையை ஒட்டி, 35 முறை மேலெழுத வேண்டும் என்ற கருத்துப் பரவியது. இன்றைய வட்டுகளுக்கு ஒருமுறை முழுமையாக மேலெழுதினாலே போதும் என்பது இப்போதைய வழிகாட்டல். திண்மநிலை வட்டுகள் வேறு விதமாக இயங்குகின்றன. அவற்றில் அழித்த இடத்தைக் கணினியே விரைவில் துடைத்துவிடுவதால், தவறுதலாக அழித்ததை மீட்பது கடினம். அவற்றை விற்கும் முன் தயாரிப்பாளர் தரும் துடைப்புக் கருவியைப் பயன்படுத்தலாம். அல்லது தொடக்கத்திலிருந்தே வட்டை மறையாக்கம் செய்து வைக்கலாம்.

எழுதியவரின் விருப்பம் வேறொரு கேள்வி. 1924இல் மறைந்த ஃபிரான்ஸ் காஃப்கா, தம் கையெழுத்துப்படிகளை எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் பிராடைக் கேட்டிருந்தார். பிராட் எரிக்காமல் பதிப்பித்தார். அவர் செய்தது சரியா என்று இன்றும் வாதிடுகின்றனர். தம் எழுத்தில் எது இருக்கலாம், எது போகலாம் என்பதை எழுதுபவரே தம் காலத்தில் பிரித்து வைப்பது, பின்வருவோரை இந்தச் சங்கடத்திலிருந்து காக்கும்.

முடிவுரை

ஊர் வரலாறு எழுதுவோரும், நாட்டுப்புறப் பாடல் தொகுப்போரும் சிற்றூர்களில் இன்றும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பு ஒரு பழைய கணினியிலோ ஒரு பென் டிரைவிலோ அடங்கியிருக்கிறது. அவர்கள் மறைந்தபின் வீட்டார் அந்தக் கணினியைத் துடைத்து விற்கும்போது, கரிவலம்வந்தநல்லூரில் நடந்ததே மீண்டும் நடக்கிறது. வீட்டாரைக் குறை சொல்ல இயலாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

இதைப் படிக்கும் மாணவர்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ ஆசிரியராக இருந்து, எழுதிவைத்த கோப்புகள் இருந்தால், ஒருநாள் அவர்கள் அருகில் அமர்ந்து அவற்றைத் திறந்து பார்க்கலாம். பெயர்களையும் ஆண்டுகளையும் கேட்டுக் குறித்து, ஒருங்குறிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் படி வைத்து, படியைத் திறந்து சரிபார்க்கலாம். அதன்பிறகு பழைய கணினியை எடைக்குப் போடுவதில் தவறில்லை.